சட்டம் படிக்கும்போதே பொதுநல இன்டர்ன்ஷிப்: எந்தக் கதவைத் தட்டுவது?

வந்த கேள்வி இதுதான். அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, இப்போது மூன்றாம் ஆண்டு. குடும்பத்தில் வக்கீல் யாரும் கிடையாது. பள்ளிப் படிப்பு தமிழ் வழி. சென்னை, பெங்களூரு வக்கீல் ஃபார்ம்களுக்கு (பெரிய சட்ட நிறுவனங்களுக்கு) மெயில் அனுப்பினால் பதிலே வருவதில்லை. சட்ட உதவி, மனித உரிமை மாதிரியான இடங்களில் இன்டர்ன்ஷிப் செய்தால் உண்மையிலேயே எதையாவது கற்க முடியுமா, சான்றிதழோடு முடிந்துவிடுமா? எங்கே போய்க் கேட்பது?

கற்க முடியும். மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல், குடும்ப வழக்குகளோடு சட்ட உதவி வழக்குகளையும் எடுத்து நடத்துகிற அனுபவத்தில் சொல்கிறேன்: ஃபார்ம்களிலிருந்து பதில் வராததைப் பெரிய இழப்பாக நினைக்க வேண்டாம். கல்லூரியில் நீங்கள் படிப்பது தீர்ப்புகளை. தீர்ப்பில் சம்பவங்கள் எல்லாம் சலித்து, வரிசைப்படுத்தி, பத்தி எண் போட்டுக் கிடக்கும். நிஜத்தில் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும்போது எந்த வரிசையும் இருக்காது. நடுவிலிருந்து தொடங்குவார், அழுவார், முக்கியமான காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். அந்தப் பேச்சிலிருந்து வழக்கை எடுக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். மாணவரை அந்தப் பேச்சு நடக்கும் மேசையில் உட்கார விடுகிற இடங்கள் குறைவு, பெரும்பாலும் அவை சட்ட உதவி, பொதுநல அலுவலகங்கள்தான். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். கட்சிக்காரர்கள் நேரில் வருகிற இடமா, நான் எழுதுவதை யாராவது திருத்தித் தருவார்களா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம், இதில் பல மாணவர்களுக்குக் குழப்பம் இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. எங்கே செய்யலாம் என்ற பட்டியலில் தொண்டு நிறுவனங்கள், வக்கீல்கள், நீதித்துறை, சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி அமைப்புகள், நிறுவனங்கள் எல்லாமே உண்டு. ஆக, தொண்டு நிறுவனத்தில் செய்தால் கல்லூரி ஏற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நிபந்தனை, மொத்தப் படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் இருந்திருக்க வேண்டும். அப்புறம், நான்காவது செய்முறைத் தாளில் மாதிரி நீதிமன்றத்துக்கு 30 மதிப்பெண், ஒரு சிவில் ஒரு கிரிமினல் வழக்கு விசாரணையைக் கவனித்து எழுதுவதற்கு 30, வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி அலுவலகத்திலோ இரண்டு கட்சிக்காரர் நேர்காணல்களைக் கவனித்து எழுதுவதற்கும் வழக்குத் தயாரிப்புக்கும் 30. இந்தப் பதிவேட்டைக் கடைசி வாரத்தில் சீனியர் மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதுவது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. அதை நிஜமாகச் செய்ய உங்களுக்குக் கிடைக்கும் வழிதான் இந்த இன்டர்ன்ஷிப்.

சரி, எந்தக் கதவு? உங்களுக்கு மிக அருகில் இருப்பது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அநேகமாக எல்லா மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கும், தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் அரசியல் சாசனத்துக்குள் வந்த 39ஏ பிரிவு, ஏழ்மையால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது. அதைச் செயல்படுத்த வந்தது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அதன் 12-ஆவது பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே தேவைப்படும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்குக்கூட உண்டு. வாசலில் வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ‘நமக்கெல்லாம் கிடைக்குமா’ என்று தயங்கித் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பார் கவுன்சிலோடு கலந்து சட்டக் கல்லூரிகளில் செய்முறைக் கல்வியையும் சட்ட உதவி மையங்களையும் வளர்க்கும் வேலையைத் தேசிய ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் நீங்கள் போய்க் கேட்பது சலுகை கேட்பதாகாது, சட்டமே எதிர்பார்க்கிற ஒன்றைத்தான் கேட்கிறீர்கள்.

அங்கே முன் அலுவலகத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். ஒரு அம்மா வருகிறார். ‘வீட்டுக்காரர் பணம் தர மாட்டேங்கிறார்’ என்கிறார். மாணவர் மனதில் உடனே ஜீவனாம்சம், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144 என்று ஓடும். மனு எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள், இன்னும் கொஞ்சம் உட்காருங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் நகைகள் அடகில் இருப்பது வெளியே வரும். அடகுச் சீட்டு மாமியார் பீரோவில். வாடகை வீட்டைக் காலி செய்வதாகக் கணவரே ஓனரிடம் பேசிவிட்டார். ரேஷன் கார்டு அவர் கையில். பிள்ளையைப் பள்ளி மாற்ற டி.சி. வேண்டும், அதற்கும் அவர் கையெழுத்து கேட்கிறார்கள். இப்போது பாருங்கள், இது 144-இல் மட்டும் அடங்கும் விஷயமா? 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் ஒரு மனு போட்டு, 19-இல் வசிப்பிட உத்தரவு, 20-இல் பண உதவி, 23-இல் இடைக்கால உத்தரவு என்று ஒரே இடத்தில் கேட்கலாம். பாதுகாப்பு அலுவலர் எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்கு நீதிமன்றமே தேவைப்படாமல் போகலாம், வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு மனு போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதில் மாணவர் செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை தேதிப் பட்டியல். எந்த வழக்குக்கும் முதலில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் ‘எந்தத் தேதி?’ என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?’ ‘பெரிய பையன் அப்போ எத்தனாவது?’ ‘கொரோனாவுக்கு முன்னாடியே நடந்ததா?’ என்று கேளுங்கள். ஆடி மாதம் அம்மா வீட்டுக்குப் போனது, குலதெய்வம் கோயில் கொடைக்கு வந்தது, சின்னவள் காதுகுத்துக்கு நகை கேட்டது என்று நினைவு கோத்துக்கொண்டு வரும். அதை நாள்காட்டியோடு ஒத்துப்பார்த்து மாதம், வருடமாக மாற்றுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் தட்டிப் பார்ப்பது இந்தத் தேதிகளைத்தான். நீங்கள் உருவாக்கும் ஒன்றரைப் பக்கப் பட்டியல், வழக்கை எடுக்கும் பேனல் வக்கீலுக்கு (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீலுக்கு) எவ்வளவு பெரிய உதவி என்று நீங்களே பார்ப்பீர்கள்.

தமிழ் வழியில் படித்ததைக் குறை மாதிரி எழுதியிருந்தீர்கள். இந்த வேலையில் அது பலம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். கட்சிக்காரர் தமிழில் சொன்னதைச் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ ஆங்கிலப் பிரமாணப் பத்திரமாக எழுதி, அதைத் திரும்ப அவருக்குத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் போய்வரத் தெரிந்தவருக்கு எந்த அலுவலகத்திலும் இடம் உண்டு. கூடவே கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றைப் படிக்கப் பழகுங்கள். பழைய பத்திரங்களில் ‘ஷை’ (மேற்படி) என்றும் ‘சக்குபந்தி’ (நான்கு எல்லை) என்றும் வரும் இடங்களில் தடுமாறாமல் படித்து, நான்கு எல்லையையும் ஒரு தாளில் வரைந்து காட்டினால் குமாஸ்தாவே உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார். குமாஸ்தாக்களிடம் மரியாதையாகப் பழகுங்கள். நகல் மனு எங்கே போடுவது, மனு ஏன் திரும்பி வந்தது, வாய்தா தேதியை எங்கே பார்ப்பது என்பதையெல்லாம் அவர்களைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் கிடையாது.

அடுத்து, சிறை. என் கணிப்பில் ஒரு சட்ட மாணவர் நான்கு வாரத்தில் அதிகமாகக் கற்கக்கூடிய இடம் இதுதான், அதிகப் பயன் தரக்கூடிய இடமும் இதுதான். சிறைகளில் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. ஆணைக்குழுவின் அனுமதியோடு, வக்கீல்களோடு சேர்ந்துதான் நீங்கள் போக முடியும். தனியாகப் போக முடியாது, போகவும் கூடாது. 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல் திட்டத்தில் முழு நேரமாக, வேறு தனி வழக்குகள் எடுக்காமல், கிரிமினல் வழக்குகளை மட்டும் நடத்தும் வக்கீல்கள் பல மாவட்டங்களில் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அந்த அலுவலகம் இருந்தால் அங்கேயே இடம் கேளுங்கள். பேனல் வக்கீல்கள் பலரும் நல்லவர்கள், ஆனால் தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே உங்களுக்குச் சொல்லித்தர நேரம் கிடைப்பது கஷ்டம்.

அங்கே என்ன செய்யலாம்? ஒரு அட்டவணை. பெயர், குற்ற எண், சட்டப் பிரிவு, ரிமாண்ட் செய்த (நீதிமன்றம் காவலில் வைத்த) தேதி, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி, ஜாமீன் கிடைத்ததா, கிடைத்தும் வெளியே வரவில்லையா. அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உரிமை ஒளிந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பி.என்.எஸ்.எஸ். 187(3)-இன்படி, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கபில் வாதவான் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஒரு திருட்டு வழக்கில் மார்ச் 3 அன்று ரிமாண்ட் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் 29 நாள், ஏப்ரலில் 30, ஆக 59. மே 1-ஆம் தேதியோடு 60 நாள் முடிகிறது. மே 2 காலை மனு தயாராகக் கையில் இருக்க வேண்டும். மத்தியானம் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால், அதற்கு முன் மனு போடாதவருக்கு அந்த உரிமை போய்விடும். அரை நாள் தாமதத்தில் ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருக்க நேரிடும். இதைப் பரீட்சைக்குப் படித்தவருக்கு அது ஒரு பிரிவு எண். ஒரு முறை அட்டவணையில் தேதி எண்ணிப் பார்த்தவருக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

அதேபோல பி.என்.எஸ்.எஸ். 479-ஆவது பிரிவு. மரண தண்டனையோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றங்களில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதியையும், இதுவே முதல் தடவையாக, அதாவது முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலம் இருந்தவரையும் வெளியே விடச் சொல்கிறது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘முதல் தடவையா’ என்பதைக் கண்டுபிடிக்க ஒருவர் உட்கார்ந்து காகிதம் பார்க்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

இன்னொரு கட்டம் எனக்கு எப்போதும் மனதை வருத்துவது: ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள். ஷூரிட்டி (பிணை) கொடுக்க ஆள் இருக்காது, இருந்தால் அவர்களிடம் சொத்து வரி ரசீது இருக்காது. வெளியூர்க் கூலித் தொழிலாளி என்றால் சொல்லவே வேண்டாம். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு போன் போட்டு, ‘அண்ணா, நீங்க வந்து கையெழுத்துப் போட்டா போதும், இந்தக் காகிதம் மட்டும் எடுத்துட்டு வாங்க’ என்று பொறுமையாக விளக்குவது மாணவர் செய்யக்கூடிய வேலை. நிபந்தனை தளர்த்தக் கோரும் மனுவின் வரைவை எழுதுவதும் அப்படியே.

பட்டியல் போடுவது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1979-இல் பீகார் சிறைகளில் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிக் காவல் துறை அதிகாரியாக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அந்தக் கட்டுரைகளை வைத்து வக்கீல் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு பிறந்தது அப்படித்தான். அந்த வழக்கின் உயிர், யார் என்ன குற்றத்துக்காக எத்தனை காலமாக உள்ளே இருக்கிறார் என்ற விவரம்தான். குற்றத்துக்கான முழுத் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் அந்த விவரத்தால்தான் வெளிச்சத்துக்கு வந்தார்கள். விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்ற சட்டமே அதிலிருந்து வந்தது. மாணவர்களே செய்து காட்டிய உதாரணமும் உண்டு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் நாடு முழுக்க உள்ள சிறைகளுக்குப் போய் மரண தண்டனைக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் சந்தித்துப் பேசினார்கள். அதிலிருந்து 2016-இல் இந்தியாவில் மரண தண்டனை பற்றிய அறிக்கை வெளிவந்தது.

ஆணைக்குழுவைத் தாண்டி வேறு இடங்களும் இருக்கின்றன. மதுரையில் 1995-இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் காவல் சித்திரவதை, சாதி வன்கொடுமை போன்ற விஷயங்களில் உண்மை கண்டறியும் பணியும் வழக்குப் பணியும் செய்கிறது. சம்பவ இடத்துக்குப் போய் ஒரே நிகழ்வைப் பலரிடம் தனித்தனியாகக் கேட்டு, முரண்பாடுகளை மறைக்காமல் எழுதுவது எப்படி என்று கற்க அது நல்ல களம். சென்னையில் 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. என்ற குடிமக்கள் அமைப்பு நுகர்வோர், மின்சாரம், சாலைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் விஷயங்களைப் பார்க்கிறது. நீதிமன்றத்தைவிட ஒழுங்குமுறை ஆணையங்களும் தகவல் உரிமை மனுக்களும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பொருத்தம். சுற்றுச்சூழல் சட்டம் பிடிக்குமென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, அங்கே ஆஜராகும் வக்கீல்களிடம் கேட்கலாம். டெல்லி போக முடிந்தால் மனித உரிமைச் சட்ட வலையமைப்பு, தேசிய மனித உரிமை ஆணையம் போன்றவை மாணவர்களை எடுக்கின்றன. ஆணையங்களில் படிப்பும் சொற்பொழிவும் அதிகம், கட்சிக்காரரோடு உட்காரும் வாய்ப்பு குறைவு. முதல் இன்டர்ன்ஷிப்புக்கு அதைச் சொல்ல மாட்டேன், நான்காம் ஆண்டில் போகலாம்.

கிராமப்புறம் உங்களுக்குப் பழக்கமென்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். கொத்தடிமைத் தொழிலாளர் மீட்பிலும் இருளர் போன்ற பழங்குடி மக்களோடும் வேலை செய்யும் அமைப்புகள் வட மாவட்டங்களில் இருக்கின்றன. செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்துக்குக் கோட்டாட்சியர் கொடுக்கும் விடுதலைச் சான்று இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி நகராது. அந்தச் சான்றுக்கான வாக்குமூலத்தில் முன்பணம் எவ்வளவு, யார் கையில் வாங்கினார்கள், வாரச் செலவுக்கு என்ன கொடுத்தார்கள், கல் கணக்கை யார் எழுதினார்கள், ஊருக்குப் போகக் கேட்டபோது என்ன பதில் வந்தது என்ற விவரங்கள் வேண்டும். மலைப் பகுதி என்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை மூலம் உரிமை கோரும் படிவங்கள். பெரியவர்களின் வாக்குமூலமும் அங்கே சாட்சியமாக ஏற்கப்படும் என்பதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. பொதுநல இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் சம்பளம் இல்லாதது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று மாநில பார் கவுன்சில் அறிவித்தது. அது பதிவு செய்த வக்கீல்களுக்கு, இன்டர்ன்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. இது சரியில்லை என்பதே என் கருத்து. வீட்டிலிருந்து பணம் வாங்க முடிகிறவர்கள் மட்டும் டெல்லிக்குப் போய்ப் பொதுநல அனுபவம் சேர்க்க முடிகிறது, ஏழைகளின் வழக்கை உள்ளிருந்து புரிந்தவர்கள் பஸ் காசுக்கு யோசிக்கிறார்கள். நிதி உள்ள அமைப்புகள் பயணச் செலவாவது தர வேண்டும். நீங்கள் அதை வெட்கப்படாமல் முதல் கடிதத்திலேயே கேட்கலாம். அதுவரை, சொந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சாப்பாடு, பழகிய பஸ், தெரிந்த பேச்சு வழக்கு. கற்பதில் ஒரு குறையும் வராது.

மே மாதம் விடுமுறை என்பதால் எல்லோரும் அப்போதுதான் விண்ணப்பிப்பார்கள். அந்த மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதை மறந்துவிடுவார்கள். கிரிமினல் நீதிமன்றங்கள் நடக்கும், சிறை மையமும் நடக்கும். ஆகவே மே மாதம் கிரிமினல் பக்கம் கேளுங்கள், குடும்பம், நிலம் பக்கம் போக விரும்பினால் ஜூனிலோ டிசம்பரிலோ கேளுங்கள். தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) வருடத்துக்குச் சில முறை சனிக்கிழமைகளில் நடக்கும். அந்தத் தேதி உங்கள் நான்கு வாரத்துக்குள் வந்தால் ரொம்ப நல்லது. மோட்டார் விபத்து, காசோலை வழக்குகளில் எப்படிப் பேசி முடிக்கிறார்கள் என்று ஒரே நாளில் நிறையப் பார்க்கலாம். அங்கே போடும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் கட்சிக்காரருக்குத் தொகை புரிந்ததா, சம்மதம் மனதாரவா என்று கவனியுங்கள். ஒரு விதவைத் தாய்க்கு காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகை நியாயமா என்று அவர் வக்கீல் கணக்குப் போடுவதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். இழப்பீட்டுக் கணக்கில் வரும் பெருக்கல் காரணி, எதிர்கால வருமானம், சொந்தச் செலவுக் கழிவு எல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறும்.

செய்யக் கூடாதவை சில உண்டு, இவற்றில் நான் கண்டிப்பானவன். 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி பதிவு செய்யாதவர் தொழில் நடத்த முடியாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ஆகவே ‘நான் பார்த்துக்கிறேன், ஜெயிச்சிடலாம்’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். டீக்காசுகூடக் கட்சிக்காரரிடம் வாங்காதீர்கள். உடை வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, கறுப்பு ஷூ. கவுனும் கழுத்துப் பட்டையும் பதிவுக்கு அப்புறம்தான். கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது, நண்பரிடமும் கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 72-இன்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ 23-ஆவது பிரிவும் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவும் தனியாக இருக்கின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முகாம் போட்டோ போடும் பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. மனு கொடுக்க வந்த பெண்ணின் முகம் பின்னால் தெரிந்தால், அதை அவர் வீட்டுக்காரர் பார்த்தால், அன்று ராத்திரி அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். குழந்தை மீதான வன்முறை பற்றிய வாக்குமூலங்களைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் போகலாம். அப்படியானால் மேற்பார்வை வக்கீலிடம் சொல்லுங்கள், வேறு வழக்குக் கட்டு கொடுக்கச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

‘இதனால் வேலை கிடைக்குமா’ என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நேரடியாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் உங்களைத் தினமும் பார்க்கிற சீனியர்கள் இருக்கிறார்கள். தேதி தவறாமல் வருகிற, எழுதக் கொடுத்ததை எழுதி முடிக்கிற மாணவரை அவர்கள் மறப்பதில்லை, ஜூனியர் தேடும்போது அந்த முகம்தான் ஞாபகம் வரும். உரிமையியல் நீதிபதி, அரசு உதவி வழக்குரைஞர் தேர்வுகளுக்குத் தயாராகும்போதும் ரிமாண்ட், ஜாமீன், குற்றப்பத்திரிகை எல்லாம் கண்ணால் பார்த்த விஷயமாக இருக்கும். தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: இன்று எந்த வகை வழக்கு, எந்தப் பிரிவு, நான் என்ன வரைந்தேன், வக்கீல் எதை அடித்துத் திருத்தினார், ஏன். பெயர்களை எழுத வேண்டாம். பின்னாளில் நேர்முகத்தில் ‘என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால், ‘சட்ட விழிப்புணர்வு முகாமில் கலந்துகொண்டேன்’ என்பவருக்கும், ‘ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுக்களை வரைந்தேன், முதல் வரைவில் ஷூரிட்டி கிடைக்காத காரணத்தை எழுதாமல் விட்டதால் திருத்தம் வந்தது’ என்பவருக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்கு உடனே தெரியும்.

நான்கு வாரம் முடிந்த பிறகும் தொடர விருப்பம் இருந்தால் ஆணைக்குழுவில் சட்ட தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்ளக் கேளுங்கள். வக்கீலாகப் பதிவு செய்யும்வரை சட்ட மாணவர்கள் அதில் இருக்கலாம். வார இறுதிகளில் உங்கள் ஊரிலேயே வேலை இருக்கும்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். ‘செயலாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு’ என்று முகவரி இடுங்கள், அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒரு நீதிபதி என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். எந்த நான்கு வாரம், எந்தப் பிரிவில் வேலை வேண்டும், என்னென்ன தெரியும் என்று சொல்லுங்கள். தமிழில் தட்டச்சு தெரியும், வருவாய் ஆவணங்கள் படிப்பேன், இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலை பார்க்கத் தெரியும் என்ற மூன்று வரி, ‘சமூக நீதியில் தீராத ஆர்வம் கொண்டவன்’ என்ற வரியைவிட மதிப்பானது. கல்லூரி முதல்வரின் கடிதம், போனஃபைட் சான்றிதழ், ஆதார் நகல், இரண்டு போட்டோ இணையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள், ஆனால் காலை பத்தரைக்கு வேண்டாம், அது நீதிமன்றம் உட்காரும் நேரம். மத்தியான இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலோ, மாலை நாலரைக்கு மேலோ போனால் அலுவலகத்தில் நின்று பேச ஆள் இருப்பார்கள்.